ஆகாய விமானமும் துப்பறியும் நாடகமும்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்க்காத வீடு எங்கள் பீடோங் வட்டாரத்தில் அபூர்வம். அத்தொடர்களில் சிறு விமானம் ஒன்று தலைகாட்டினால் அதன் கதி முன்பே நிச்சயமாகிவிடுகிறது: இயந்திரம் நிற்கும், மறுகணமே விமானம் கல்லைப் போல் விழுந்து தீப்பிழம்பாகும், துப்பறிவாளர் அறுபட்ட குழாயொன்றைக் கையிலெடுத்து, 'இது சதி' என்பார்.

யதார்த்தம் வேறு. விமானத்தைத் தாங்கி நிற்பது இறக்கையைத் தழுவி ஓடும் காற்றேயாதலால், இயந்திரம் நின்றபின்னும் செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானம் ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் அடி தூரம் சறுக்கிச் செல்லும். இறங்கத் தக்க திடலைத் தேட விமானிக்கு அவகாசம் உண்டு. இயந்திரம் நிற்பதற்கும் பகைவன் வேண்டியதில்லை. வெயில் காயும் நம் தேசத்திலும், காற்றின் ஈரத்தால் கார்புரேட்டருக்குள் பனி உறையலாம். எரிபொருளில் நீர் கலந்திருக்கலாம். ஆகவேதான் விமானி புறப்படுமுன் இறக்கையின் அடியிலிருந்து சிறு குவளையில் எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார். இளநீலப் பெட்ரோலின் அடியில் நிறமற்ற நீர்த்துளி தங்கினால், அது அற்றுப்போகும் வரை மீண்டும் மீண்டும் வடிக்கிறார். இந்தக் காட்சியை நான் எந்தத் தொடரிலும் கண்டதில்லை.

இயந்திரத்தைப் பற்றிய பிழையைக்கூடப் பொறுக்கலாம். விபத்துக்கெல்லாம் ஒரு குற்றவாளியைக் கற்பிக்கும் பிழையைப் பொறுப்பதற்கில்லை. 2023 ஆகஸ்டு 17 அன்று, நம் கெடா மாநிலத்து லங்காவியிலிருந்து சுபாங்கிற்குச் சென்ற பீச்கிராஃப்ட் 390 என்னும் சிறு ஜெட் விமானம் ஷா ஆலாமின் எல்மினா அருகே விழுந்ததில், அதிலிருந்த எண்மரும் சாலையில் சென்ற இருவரும் மாண்டனர். போக்குவரத்து அமைச்சின் விசாரணைக் குழுவினர் சிதைவுகளையும் விமானிகளின் உரையாடல் பதிவையும் பொறுமையுடன் ஆராய்ந்து, தரையிறங்கிய பின்னரே விரிய வேண்டிய இறக்கைத் தகடுகள் நடுவானில் தவறுதலாக விரிக்கப்பட்டதைக் கண்டறிந்தனர். சதியுமில்லை, சதிகாரனுமில்லை, தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது நேர்ந்த ஒரு கைப்பிசகே பத்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இத்தகைய விசாரணையின் நோக்கம் எவர்மீதும் பழி சுமத்துவதன்று, மீண்டும் அவ்வாறு நேராமல் தடுப்பதே என்று சர்வதேச விதியே கூறுகிறது. சதிக் கதைகளையே கேட்டுப் பழகிய ஜனங்களோ, அறிக்கை வருமுன்பே வதந்தியில் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். மாண்டவரின் குடும்பத்தாருக்கு அது இரண்டாவது துக்கம்.

ஆகவே நம் நாடகாசிரியர்களை நான் வேண்டுவது இதுவே: அலோர் ஸ்டாரில் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன, பறப்பதையே தொழிலாகக் கொண்டவர் நம் அருகிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாள் கேட்டறிந்து எழுதுங்கள். அறுபட்ட குழாயைவிட, குவளையின் அடியில் தங்கிய அந்த ஒரு துளி நீர் நம் நெஞ்சை அதிகம் பதைக்கச் செய்யும்.