குர்துபாவின் பெருநதிக் கரையில்

குர்துபா என நம் முன்னோர் எழுதிய கொர்தோபா நகருக்கு நம்மவர் எவர் சென்றாலும், கால்கள் நேரே பெரிய பள்ளிவாசலை நோக்கியே விரையும். நானும் அவ்வாறு விரைந்தவன்தான். ஆயினும் உங்களுக்கு அப்பயணம் வாய்க்குமாயின், பள்ளியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நகராட்சி மாளிகையை அடுத்துள்ள ரோமானியக் கோயிலைக் காணுங்கள். 1950களில் அம்மாளிகையை விரிவாக்கத் தோண்டியபோது வெளிப்பட்டது அது. கி.பி. முதல் நூற்றாண்டில், கிளாடியஸ் மன்னர் காலத்தில் தொடங்கப்பெற்றது. மன்னரையே தெய்வமாக வழிபட்ட இடம் என்பது ஆய்வாளர் கருத்து. இன்று நிற்கும் தூண்களில் பெரும்பகுதி, கிடைத்த துண்டுகளைக் கொண்டு நம் காலத்தவர் நிமிர்த்தியவை. கூரை இல்லை. சாலையில் வாகனங்கள் இரைகின்றன.

அங்கிருந்து ஆற்றுக்கு இறங்குங்கள். ரோமானியர் பேட்டிஸ் என்றழைத்த ஆறு, அரபியரின் நாவில் 'அல்வாதி அல்கபீர்' ஆயிற்று. பெருநதி என்பது பொருள். ஸ்பானியர் அதையே குவாதல்கிவீர் என்கின்றனர். ஆட்சி போயிற்று, பெயர் போகவில்லை! அன்று இந்நீர்வழியேதான் ஒலிவ எண்ணெய் ஜாடிகள் ரோமாபுரிக்குப் பயணமாயின. இன்று கப்பல்கள் செவில் நகருக்கு மேல் வருவதில்லை. பதினாறு வளைவுகள் கொண்ட பாலம் ரோமானியர் அமைத்தது. பழுதுற்றிருந்த அதை எட்டாம் நூற்றாண்டில் செப்பனிட்டவர் ஆளுநர் அஸ்ஸம்ஹ். அருகே பெரிய நீர்ச்சக்கரம் ஒன்றுண்டு. அதன் இரைச்சல் உறக்கத்தைக் கெடுத்ததால் இசபெல்லா அரசியார் பழைய சக்கரத்தைக் கழற்றச் செய்தார் என்பர். இப்போதுள்ளது பிற்காலத்தில் செய்து வைத்தது.

இனிப் பள்ளிக்குள் நுழையலாம். முதலாம் அப்துர் ரஹ்மான் ஹிஜ்ரி 169இல் எழுப்பத் தொடங்கிய அக்கூடத்தில் இன்று எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. தொடக்கப் பகுதியில் ஒன்றின் நிறம் மற்றொன்றில் இல்லை. தலைப்புகளும் வேறு வேறு. ரோமானியர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை அவற்றுட் பல. தூண்கள் குட்டையாயிருந்தமையால், கூரையை உயர்த்த வளைவின்மேல் வளைவு வைத்தனர். உலகம் வியக்கும் அழகு, அந்தக் குறையை ஈடுகட்டப் பிறந்தது!

1236 முதல் அது கிறிஸ்தவத் தேவாலயம். நாம் தொழ அனுமதியில்லை. மிஹ்ராபின் எதிரே, கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றபோது என் நெஞ்சு அடைத்தது. அப்போதுதான் காலையில் வெயிலில் கண்ட அக்கூரையற்ற தூண்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் கோயிலுக்காகக் கண்ணீர் சிந்த இன்று எவருமில்லை.

வெளியே வந்தேன். அஸர் நேரம் நெருங்கியிருந்தது. விடுதி அறைக்குத் திரும்பித்தான் தொழுதேன்.