பெயரும் பொருளும்: மாக்னஸ்

2013ஆம் ஆண்டு சென்னையில் நம் விசுவநாதன் ஆனந்தை வென்று உலகச் சதுரங்கப் பட்டம் பெற்றவர் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்ஸன். அவர் பெயரின் வரலாற்றை இம்மாதம் காண்போம்.

'மாக்னஸ்' என்பது இலத்தீன் சொல்; 'பெரியவன்' என்பது பொருள். ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்டு 814இல் மறைந்த கார்ல் பேரரசருக்கு அது புகழ்மொழியாக வழங்கிற்று, இயற்பெயரன்று.

ஏறத்தாழ 1024ஆம் ஆண்டில் நார்வே மன்னர் ஓலாவுக்கு இரவில் ஓர் ஆண்மகவு பிறந்தது. உயிர் தரிக்குமோ என்று யாவரும் அஞ்சினர். உறங்கும் மன்னரை எழுப்பவோ எவரும் துணிந்திலர். அவைப்புலவர் சிக்வாட் தாமே பொறுப்பேற்று, மாக்னஸ் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் செய்வித்தார். விழித்தெழுந்த மன்னர், தம் குலத்தில் இல்லாத பெயரை இட்டதேன் என்று வெகுண்டார். தாம் அறிந்தவருள் தலைசிறந்த கார்ல் பேரரசரை எண்ணி இட்டதாகப் புலவர் விடையிறுக்க, மன்னர் சினம் தணிந்தாராம். 13ஆம் நூற்றாண்டில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் எழுதிய அரசர் வரலாறு இங்ஙனம் கூறுகிறது.

அம்மகவே 1035இல் நார்வேக்கும், 1042இல் டென்மார்க்குக்கும் அரசனாகி, 'நல்லவன் மாக்னஸ்' எனப் போற்றப்பெற்றான். அவனோடு சேர்த்து எழுவர் அப்பெயருடன் நார்வேயை ஆண்டனர். பின்னர் அது ஸ்வீடன், ஐஸ்லாந்து நாடுகளிலும் குடிமக்கள் இல்லந்தோறும் வழங்கலாயிற்று.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் மரபு நம்முடையது. அயலூரில் வாழும் நாம் புதுப்பெயர் நாடுங்கால், ஊரிலுள்ள பெரியோர் வருந்துவது இயல்பே. தாங்குபவன் தகுதியால் புதுப்பெயரும் குலப்பெயராகும் என்பதற்கு மாக்னஸ் சான்று. ஆயினும், பெயரிடுமுன் பெரியவரை எழுப்பி ஒரு சொல் கேட்டுவிடுதல் நலம்!