அறுக்காமலே மூளை செல்லைப் பார்க்கலாமா? ஜெல்லி மீன் கொடுத்த 'லைட்'!

தருமபுரியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு. அங்குள்ள என்சிபிஎஸ் ஆய்வு மையத்தில் வத்சலா திருமலை குழு, வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளை வேலை செய்வதை உயிரோடவே பார்க்குது. எப்படி?

நரம்பு செல் தூண்டப்பட்டதும் உள்ளே கால்சியம் எகிறும். 'ஜிகேம்ப்' புரதம் அதைப் பிடிச்சதும், நீல ஒளியில் பச்சையா பளிச்சிடும். குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி என்பதால் மைக்ரோஸ்கோப்பில் அப்படியே தெரியும். சாயம் ஏற்ற வேண்டாம். மரபணுவைச் சேர்த்தால் செல்லே புரதத்தைத் தயாரிச்சுக்கும்.

மூலம், ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதம். அதற்காக 2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல். 1992-ல் அந்த மரபணுவைக் குளோனிங் செய்து வெளியிட்ட டக்ளஸ் பிராஷர்? ஆய்வு நிதி கிடைக்காமல் போய், நோபல் அறிவிச்சப்போ கார் டீலரிடம் வேன் டிரைவர்! சில வருஷம் கழிச்சு சியென் ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.