கடவுள் தந்த பிள்ளையும் ஒரு தாயின் கையொப்பமும்

எங்கள் மகன் வீட்டுக்கு வந்த அன்று அவன் பிறந்து 19 நாட்கள். 2023 பெப்ரவரி மாதம் அது. மாமி வாசலில் நிறைகுடம் வைத்து, ஆலாத்தி எடுத்து, நெற்றியில் திருநீறு பூசி அவனை உள்ளே எடுத்தார். நானும் கணவரும் நான்கு வருடங்கள் காத்திருந்தோம். சந்நிதியிலும் வற்றாப்பளையிலும் வைத்த நேர்த்திகளுக்குக் கணக்கில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்ன வசனம் ஒன்றுதான்: "கடவுள் தந்த பிள்ளை."

நாங்கள் சமய நம்பிக்கை உள்ள குடும்பம். அந்த வசனத்தை நானும் நம்புகிறேன். ஆனால் அது ஒருவரை மறைக்கிறது என்பது சில நாட்களிலேயே விளங்கிவிட்டது.

முதலில் துடக்குப் பற்றிய கேள்வி வந்தது. "நீ பெறேல்லைத்தானே பிள்ளை, அப்ப எங்களுக்குத் துடக்கு இருக்கோ?" என்று மாமி கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். கோயில் ஐயரிடம் போனோம். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "பிறந்து முப்பத்தொன்று கழியட்டும், கூட்டிக்கொண்டு வாங்கோ, அர்ச்சனை செய்வம்" என்றார். பிறகு, "நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார்.

நட்சத்திரம் தெரிய வேண்டுமென்றால் பிறந்த நேரம் வேண்டும். அது வைத்தியசாலைப் பதிவில் இருந்தது. நான் முகம் பார்த்திராத ஒரு பெண் வலியோடு கிடந்த நேரம் அது. அவளை விட்டுவிட்டு என் மகனின் பெயரில் ஓர் அர்ச்சனைகூடச் செய்ய முடியாது.

இந்தக் கட்டுரை அவளைப் போன்ற தாய்மாரைப் பற்றியது. அவளுடைய ஊர், வயது, நிலைமை எதையும் நான் எழுதப்போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

"உங்கட பேரிலேயே பதியலாம்"

விண்ணப்பித்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது, அறிமுகமான ஒருவர் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, ஏன் கந்தோர் கந்தோரா அலையிறீங்கள்? ஒரு பிள்ளை பிறக்கப் போகுது. தாயை உங்கட பேரில வாட்டில விடலாம். பிறப்புச் சான்றிதழும் உங்கட பேரிலேயே வரும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். ஒரு தொகையும் சொன்னார்.

உடனே மறுத்துவிட்டோம் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் மறுப்பதற்கு எங்களுக்கு மூன்று நாட்கள் எடுத்தன. அந்த மூன்று நாளும் நான் சுவாமி அறையில் விளக்கேற்றினேன். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

இப்படிப் பிள்ளை எடுப்பது நம் பகுதிகளில் புதிதல்ல. எல்லோரும் இரகசியமாகப் பேசுகிற, ஒருவரும் எழுதாத விடயம் இது. பலர் இதை ஒரு புண்ணியமாகவே பார்க்கிறார்கள்: பிள்ளையில்லாத வீட்டுக்குப் பிள்ளை கிடைக்கிறது, கலியாணமாகாத பெண்ணின் மானம் காப்பாற்றப்படுகிறது, பிள்ளை இல்லத்தில் வளராமல் தப்புகிறது. ஆனால் சட்டத்தில் இது குற்றம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, கர்ப்பிணியிடம் பணம் கொடுத்துச் சம்மதக் கடிதம் வாங்குவதையும் பிறப்புப் பதிவைப் பொய்யாக்குவதையும் ஆட்கடத்தலோடு சேர்த்தே வைத்திருக்கிறது.

நேர்வழி 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம். அதன்படி விண்ணப்பதாரர் 25 வயதைக் கடந்தவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, நீதிமன்றம் மூன்று விடயங்களில் திருப்திப்பட வேண்டும். தாய் தான் எதற்குச் சம்மதிக்கிறாள் என்பதை விளங்கித்தான் சம்மதித்திருக்கிறாளா? இது பிள்ளையின் நலனுக்கானதா? பணம் கைமாறியிருக்கிறதா? கட்டளை கிடைத்த பிறகு, மகவேற்கப்பட்ட பிள்ளைகளுக்கெனப் பதிவாளர் நாயகம் வைத்திருக்கும் தனிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஏறும். முதற் பதிவு அழிக்கப்படுவதில்லை.

குறுக்கு வழியில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்க ஆளில்லை. தாய் மனம் மாறினால் போய்ச் சொல்ல இடமில்லை. கடதாசியில் அவள் பிள்ளை பெறவே இல்லை. வளர்க்கப் போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்கவும் எவருமில்லை. பிள்ளை வளர்ந்து ஒரு பரம்பரை நோய் வந்து வைத்தியர் விசாரித்தால், பொய்யைத்தான் சொல்ல வேண்டிவரும்.

கடதாசி பொய் சொன்னபோது

இந்தப் பொய் முப்பது, நாற்பது வருடங்களுக்குப் பிறகு என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். 2017இல் நெதர்லாந்தின் 'செம்பிளா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை வெளிக்கொண்டுவந்தது. பிள்ளைப் பண்ணைகள் இருந்ததை அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அந்நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். 2020இல் சுவிஸ் அரசாங்கம் தன் பக்கத் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில், ஒரு விசாரணைக்குழுவின் அறிக்கைக்குப் பின் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது.

அப்படிப் போன பிள்ளைகள் இன்று நாற்பது வயதை எட்டியவர்கள். தாயைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். கையில் சான்றிதழ் இருக்கிறது. அதில் ஒரு பெயரும் முகவரியும் இருக்கின்றன. தேடிக் கண்டுபிடித்து மரபணுப் பரிசோதனை செய்தால், சிலருக்கு அந்தப் பெண் தாயே இல்லை. நீதிமன்றத்தில் தாயாக நடிப்பதற்குக் காசு வாங்கியவள் அவள். உண்மையான தாய் எந்தக் கடதாசியிலும் இல்லை.

வெளிநாட்டுக்குக் கொடுத்தால் மோசடி, உள்ளூரில் கொடுத்தால் புண்ணியமா? இரண்டு இடத்திலும் அழிந்துபோவது ஒரு தாயின் பெயர்தான்.

இதை நாம் எல்லோரையும்விட நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் வீதியில் குந்தினார்கள். அந்தத் தாய்மாரில் பலர் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள், இழப்பீட்டையும் மறுத்தவர்கள். "என்ர பிள்ளை எங்கே?" என்ற கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு எதையும் பதிலாக ஏற்கமாட்டோம் என்று நிற்கிறார்கள். அவர்களுடைய பந்தலைப் பல தடவை நான் செய்தியாக்கியிருக்கிறேன். அதே ஊரில், அதே மக்கள், ஒரு பிள்ளைக்கும் தாய்க்கும் இடையிலான உண்மையைப் பிறந்த அன்றே காசு கொடுத்து அழிப்பதை எப்படிப் புண்ணியம் என்று சொல்வது?

மஞ்சள் நீரும் கார்த்திகைப் பெண்களும்

ஒளித்து எடுப்பது எங்கள் வழமை என்று சொல்வதற்கும் இடமில்லை. 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமை, சுவீகாரம் எடுப்பவர்கள் மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கைச் சொல்கிறது. சகோதரர்களின், உரிமைக்காரரின் சம்மதத்தோடு அது நடக்க வேண்டும். சொத்துக்காக ஏற்பட்ட விதிதான். ஆனாலும் அது உறவினர் அறிய நடந்த காரியம்.

சமயத்திலும் அப்படித்தான். நாங்கள் நேர்த்தி வைத்த முருகனை ஆறு கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்தார்கள். கார்த்திகேயன் என்ற பெயரே அவர்களால் வந்தது. அதற்காக உமையின் மகன் என்பதை எவரும் மறைக்கவில்லை. மறைக்கப்பட்ட பிள்ளை கர்ணன். மணமாகாத தாய் ஆற்றில் விட்ட அவனுக்குப் பெற்றவளின் பெயர் போர் வாசலில்தான் தெரியவந்தது. அந்தத் தாமதத்தின் விலை என்ன என்பதை நம் கூத்துக் கொட்டகைகளில் விடிய விடியப் பார்த்து அழுதிருக்கிறோம்.

எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. எனக்கொரு பிள்ளை வேண்டும் என்று நான் மன்றாடிய நாட்களில், எங்கோ ஒரு பெண் இந்தப் பிள்ளையை எப்படி வைத்திருப்பது என்று வழி தெரியாமல் இருந்திருப்பாள். அவளுக்கும் தெய்வம் உண்டு. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையும் மானப் பயமும்தான் அவர்களைப் பிரித்தன. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கும் 1883ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. கர்ப்பமான பெண்ணுக்குப் பேச ஆள் இல்லை, தங்க இடம் இல்லை. அவளிடம் முதலில் வந்து சேருகிறவர் தரகர்தான்.

எனவே கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையில்லாதவர்களுக்கு விசேட பூசை வைக்கிறீர்கள். பிள்ளையை வைத்திருக்க வழியில்லாதவளுக்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள். வைத்திருக்கத்தான் விரும்புகிறாள் என்றால் அதற்கு முதலில் உதவுங்கள். முடியாதென்றால் நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ, 1929 என்ற இலக்கத்திலோ அவள் பேச வழிசெய்யுங்கள். அரசும் நேர்வழியை நான்கு வருடங்களுக்கு இழுத்துக்கொண்டு, குறுக்கு வழியில் போகிறவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக்கூட அறிய முடியாத காத்திருப்புத்தான் தரகருக்குக் கதவைத் திறக்கிறது.

மகன் வந்து சில வாரங்களில், கொழும்பு கோட்டையில் நின்ற ரயிலின் கழிப்பறையில் பிறந்த குழந்தையொன்று கண்டெடுக்கப்பட்டது. பெற்றோர் கண்டுபிடிக்கப்பட்டுக் கைதானார்கள். செய்திகளின் கீழே அந்தத் தாயைத் திட்டியவர்களுக்கு அளவில்லை. நான் மகனை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தேன். 2015இல் நானும் அப்படியொரு செய்தி எழுதியவள். கிராமத்தின் பெயர், பெண்ணின் வயது, 'ஈவிரக்கமற்ற தாய்' என்ற தலைப்பு. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்த கைதான் அதை எழுதியது. அந்தத் தலைப்பை வாசித்த இன்னொரு கர்ப்பிணி, வைத்தியசாலைக்குப் போவதற்குப் பயந்திருப்பாள். என் மகனைப் பெற்றவளின் ஊரையும் வயதையும் இங்கே எழுதாததற்கு இதுதான் காரணம்.

வழக்குக் கோவையில் அவளுடைய சம்மதக் கையொப்பத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தாள். வீட்டைப் பார்க்க வந்த நன்னடத்தை உத்தியோகத்தர் கேட்ட கடைசிக் கேள்வி, "பிள்ளைக்கு எப்ப சொல்லப் போறீங்கள்?" என்பதுதான். பள்ளிக்கூடம் போகும் வயதில் என்று நான் பதில் சொன்னேன். இல்லை, இப்பவே சொல்லிப் பழகுங்கோ என்றார். அவனுக்கு விளங்காத வயதில் சொல்லத் தொடங்கினால்தான் உங்களுக்குச் சொல்ல வரும் என்றார்.

2009இல் இடம்பெயர்ந்தபோது அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை மட்டும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பை இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பிறந்த நேரம் எழுதிய துண்டையும் நீதிமன்றக் கட்டளையின் பிரதியையும் அதற்குள்தான் வைத்திருக்கிறேன். இரவில் நித்திரையாக்கும்போது மகனுக்குச் சொல்கிறேன்: உன்னை ஓர் அம்மா பெற்றா, இந்த அம்மா வளர்க்கிறா, இரண்டு பேரையும் முருகனுக்குத் தெரியும்.