வேகத்திற்கும் வரம்பு உண்டு



இருட்டியபின் மோட்டார் சைக்கிள் ஓசைக்காகச் செவி சாய்த்து வாசலில் நிற்கும் தாய்மார்களைச் சேரங்கோட்டில் நாம் காண்கிறோம். "மெதுவாகப் போ" என்றால், "பந்தய வீரர்கள் மெதுவாகவா போகிறார்கள்?" என்று மகன் கேட்கிறான். மெய்யான வீரர் ஒருவரின் வரலாற்றை அவனுக்குச் சொல்லுங்கள்.

பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் மண்தடப் பந்தயங்களில் பயின்று உயர்ந்தவர். 2015-இல் தென் அமெரிக்காவில் நடந்த டக்கார் பந்தயத்தில் 36-ஆம் இடம் பெற்று, அதனை ஓடி முடித்த முதல் இந்தியரானார். பாலையும் மலையுமாக இரு வார ஓட்டம் அது. வழிகாட்டும் குறிப்பில் அபாயங்கள் வியப்புக்குறிகளால் சுட்டப்படும்; மூன்று குறிகள் இருப்பின் பேரபாயம். அப்பந்தயத்திலும் ஊர்களுக்குள் வேக வரம்பு உண்டு. மீறுவோர்க்குத் தண்டனையும் உண்டு.

2021 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த அதே பந்தயத்தில் அவர் விழுந்து தலையில் காயமுற்றார். ஹெலிகாப்டரில் மருத்துவமனை சேர்த்து, மருந்தினால் ஆழ்துயிலில் வைத்துக் காத்தனர். பின்னர் தேறித் தாயகம் திரும்பினார்.

நம் மலைச்சாலையில் ஹெலிகாப்டர் காத்திருப்பதில்லை. வளைவுக்கு அப்பால் கொழுந்து பறித்துத் திரும்பும் தாயோ, பள்ளிப் பிள்ளையோ, யானையோ வரக்கூடும். முன்கூட்டிக் குறியிட்டு உரைப்பார் எவருமில்லை. உலகப் பந்தய வீரரே ஊருக்குள் வேகம் தணிக்கும்போது, நம் மகன் தணிப்பதால் அவன் வீரம் குறைந்துவிடாது. வண்டிச் சாவியைக் கொடுக்குமுன் தலைக்கவசத்தைக் கொடுங்கள். இந்த வரலாற்றையும் சொல்லி அனுப்புங்கள்.