இரட்டைக் கப்பல் யார் சொல்லைக் கேட்கும்?

பொறியியல் கருத்தரங்கு எதற்குப் போனாலும் 'டிஜிட்டல் டுவின்' என்ற சொல்லைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை. மலாயில் 'கெம்பார் டிஜிட்டல்' என்கிறார்கள். தமிழில் 'இலக்கவியல் இரட்டை' என்று எழுதலாம். சிங்கப்பூர் நண்பர்கள் 'மின்னிலக்க இரட்டை' என்பார்கள். பெயர் எதுவாயினும் இருக்கட்டும். இந்த இரட்டை கப்பல் துறைக்குள் வந்துவிட்டது. அதைப் பற்றி நம் மாணவர்களிடையே பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை ஆபத்தானது என்பதே என் கருத்து.

முதலில் இரட்டை என்றால் என்ன? திரையில் சுழலும் அழகான முப்பரிமாணப் படத்தைக் காட்டி, இதுதான் இரட்டை என்று சொல்பவர்கள் உண்டு. அது வெறும் படம். உண்மையான இரட்டைக்கு உயிர்நாடி, அசல் கப்பலிலிருந்து இடைவிடாமல் வரும் தரவு. இயந்திர அறையில் பொருத்தப்பட்ட உணரிகள் வெப்பம், அழுத்தம், எரிபொருள் அளவு, சுழல்தண்டின் வேகம் ஆகியவற்றை அளந்து, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகின்றன. கரையிலுள்ள கணினியில் அதே கப்பலின் கணித வடிவம் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு ஒன்று சொல்ல, கப்பல் வேறொன்று செய்தால் எங்கோ கோளாறு என்று பொருள்.

இந்தச் சிந்தனையின் வேரை விண்வெளியில் தேடுவோர் பலர். 1970ஆம் ஆண்டு அப்போலோ 13 விண்கலம் வழியில் பழுதடைந்தபோது, நாசா பொறியியலாளர்கள் தரையிலிருந்த பயிற்சிக் கலத்தை அதே நிலைக்குக் கொண்டுவந்து, வீரர்கள் திரும்பும் வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். 2002இல் மைக்கல் கிரீவ்ஸ் என்பவர் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். இப்போதைய பெயர் அதன் பிறகுதான் நிலைத்தது.

கப்பலில் இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீருக்குள் மூழ்கியிருக்கும் கப்பலின் அடிப்பகுதியில் நாளடைவில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொள்கின்றன. கடல்நீரின் தடை கூடுகிறது. அதே வேகத்தில் போக அதிக எண்ணெய் எரிக்க வேண்டியிருக்கிறது. எப்போது சுரண்டிச் சுத்தம் செய்வது? முன்பெல்லாம் நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்தார்கள். இரட்டையோ, காற்றையும் அலையையும் சுமையையும் கழித்துவிட்டு, பாசியால் மட்டும் எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்று கணக்கிட்டுச் சொல்கிறது. 2023 முதல், 5,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட பெரும்பாலான வணிகக் கப்பல்களுக்கு அவை வெளியிடும் கரியமில வாயுவைக் கொண்டு 'ஏ' முதல் 'இ' வரை தரம் வழங்கும் அனைத்துலக விதி நடப்பில் உள்ளது. எனவே இது பணத்தோடு முடிகிற விவகாரமும் அன்று.

துறைமுகங்களும் இதில் இறங்கிவிட்டன. ரோட்டர்டாம் துறைமுகம் 2018இலேயே திட்டத்தை அறிவித்தது. சிங்கப்பூர் 2025 மார்ச்சில் தன் கடற்பகுதிக்கான இரட்டையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், பாசிர் பாஞ்சாங்கில் ஒரு தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பல்மீது மோத, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டி, செந்தோசா, கிழக்குக் கடற்கரை வரை கறுத்துப் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். நீரோட்டம் எண்ணெயை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒரு துணை இருந்தால் நல்லதுதானே! ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்து செல்லும் மலாக்கா நீரிணையின் கரையில் வாழ்கிற நமக்கு இது வேண்டாத வேலை என்று சொல்வதற்கில்லை.

ஆகவே நான் இந்தத் தொழில்நுட்பத்திற்கு எதிரியல்லன். என் சண்டை, "இனிமேல் கப்பலுக்குள் இறங்கிப் பார்க்கத் தேவையில்லை, எல்லாம் திரையிலேயே தெரியும்" என்று மேடைகளில் சொல்லப்படும் பேச்சோடுதான். அதைக் கேட்டு நம் மாணவர்கள் கைதட்டுகிறார்கள்.

அவர்கள் 'டாலி'யைப் பற்றிச் சற்றே படிக்க வேண்டும். 2024 மார்ச் 26 அதிகாலை, சிங்கப்பூர்க் கொடியேந்திய அந்தக் கொள்கலன் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளம். கப்பலில் இருந்த 21 ஊழியர்களில் இருபது பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். பாலத்தை நெருங்கும்போது மின்சாரம் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. கட்டுப்பாடிழந்த கப்பல் தூணில் மோதி, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சரிந்தது. பாலத்தின்மேல் சாலை செப்பனிட்டுக் கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் மாண்டனர்.

2025 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை வெளியிட்டது. முதல் மின்தடைக்குக் காரணம் ஒரே ஒரு கம்பி. அடையாளத்திற்காகக் கம்பியின் நுனியருகே மாட்டிய பெயர்ச்சீட்டு, அது இணைப்புக்குள் முழுதாக நுழைய விடாமல் தடுத்திருந்தது. பிடிப்பு தளர்ந்து ஒருநாள் விட்டுப்போயிற்று. இரண்டாவது மின்தடையின் கதை இன்னும் முக்கியமானது. மின்னாக்கிகளுக்கு எரிபொருள் அனுப்ப, அதற்கென உள்ள பம்பை விட்டுவிட்டு, குழாய்களைக் கழுவிவிடுவதற்கான பம்பை ஓட்டி வந்திருக்கிறார்கள். மின்சாரம் திரும்பினாலும் அந்தப் பம்பு தானாக இயங்காது. எரிபொருள் நின்றது, மின்னாக்கி மீண்டும் அணைந்தது.

இதை ஊன்றிப் பார்க்க வேண்டும். வரைபடத்தைக் கொண்டு டாலிக்கு ஓர் இரட்டையை உருவாக்கியிருந்தால், அதில் அந்தக் கம்பி முழுதாகச் செருகப்பட்டுத்தான் இருக்கும். சரியான பம்புதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் உணரி வைக்க எவராலும் முடியாது. ஆக, வரையப்பட்ட கப்பல் ஒன்று. நடைமுறையில் ஓட்டப்படும் கப்பல் வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிந்தவர்கள் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு கீழ்த்தளத்தில் நிற்பவர்கள் மட்டுமே. அவர்கள் சொல்வது இரட்டைக்குள் போய்ச் சேராவிட்டால், அது மிகுந்த நம்பிக்கையோடு பொய் சொல்லும்.

கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி பழுதுபார்க்கும் என் மாமாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு 555 புத்தகம் இருக்கும். கடைக்கார அண்ணாச்சியிடம் கடன் எழுதுவோமே, அதே புத்தகம்தான். எந்த பிரேக் மழைநாளில் வழுக்குகிறது, எந்த மோட்டார் காலையில் மட்டும் முனகுகிறது என்று பாதி தமிழிலும் பாதி மலாயிலும் குறித்து வைத்திருக்கிறார். எந்தக் கணினிக்குள்ளும் அது ஏறியதில்லை. ஏன் மேலிடத்தில் சொல்வதில்லை என்று கேட்டேன். "சொன்னா நீதானே கடைசியா தொட்டேன்னு கேப்பாங்கடா," என்றார்.

அந்த ஒரு வரியில் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. இரட்டைக்கு ஊட்டும் தரவு ஊழியனைத் தண்டிக்கப் பயன்படும் என்றால், எந்த ஊழியன் உண்மை சொல்வான்? தவறான பம்பை ஓட்டுகிறோம் என்று எந்த மாலுமி எழுதி வைப்பான்? ஆகவே துறைமுகங்களும் கப்பல் நிறுவனங்களும் இரட்டை வாங்குவதற்கு முன், தொழிலாளி தனக்குத் தெரிந்த மொழியில் குறைசொல்லவும் திருத்தவும் அதில் ஓர் இடம் வைக்க வேண்டும். சொன்னதற்காக நடவடிக்கை இராது என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். உணரிக்குச் செலவிடும் பணத்தில் இதற்காகும் செலவு சிறு துளி.

நம் மாணவர்களுக்கும் ஒரு சொல். மலாய்மொழியின் 'கப்பால்' நம் 'கப்பலி'லிருந்து சென்றது என்று பட்டிமன்றத்தில் முழங்குகிறோம். மகிழ்ச்சி. ஆனால் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது குளிரூட்டப்பட்ட அறையும் இரண்டு திரைகளும்தான் கேட்கிறோம். 2024இல் மட்டும் 14 மில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்ட துறைமுகம் நம் வீட்டருகே இருக்கிறது. அங்கு நம் சித்தப்பாக்களும் மாமாக்களும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி நமக்குப் புரியும். மென்பொருள் கேட்கும் மொழியும் நமக்குத் தெரியும். வெளிநாட்டு ஆலோசகருக்கு இந்த வசதி கிடையாது.

மாமா அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார். அலமாரியில் பதினொரு புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. பதவியேற்க வருகிறவர் யாரும் இதுவரை அவற்றைக் கேட்கவில்லை.