சுடாத துப்பாக்கியும் டிராயர் துப்பாக்கியும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன். என் பையனோடு படிக்கும் பையனின் அம்மா. மறுநாள் ராத்திரி அவன் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல துப்பாக்கி இருக்காமே? அவர் அனுப்ப வேண்டாம்னு சொல்றார்."

"இருக்கும்மா, மூணு இருக்கு. வந்து பாருங்க, எப்படிப் பூட்டியிருக்கேன்னு காட்டறேன்" என்றேன். வரவில்லை. பையனும் வரவில்லை. அடுத்த பாட்லக்கில் நான்தான் கேலிப்பொருள். ஒரு பெரியவர் கேட்டே விட்டார்: "தயிர்சாதம் சாப்பிடற கைக்கு எதுக்கு சார் துப்பாக்கி?"

பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ப்பது பழைய ராணுவப் பயிற்சித் துப்பாக்கிகள். ஒன்று, இரண்டாம் உலகப்போரின்போது நிஜத் துப்பாக்கி போதாமல் அமெரிக்க நேவி டிரில்லுக்கு வாங்கிய மார்க் 1 டம்மி. கட்டையும் இரும்பும்தான், சுடவே சுடாது. இரண்டாவது, அதே காலத்து மாஸ்பெர்க் 44. புது சிப்பாய்க்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்த .22. இது சுடும். அதனால் போல்ட்டைக் கழற்றி வேறு பெட்டியில் பூட்டியிருக்கிறேன். தோட்டா வீட்டிலேயே கிடையாது. மூன்றாவதுதான் என் செல்லம். நம்ம ஊர் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .303, 'டி.பி.' முத்திரையோடு. டிரில் பர்ப்பஸ். சேம்பரில் ஓட்டை போட்டு, ஃபயரிங் பின்னை நறுக்கிவிட்டார்கள். ஆனாலும் பாடி முழுசாக இருப்பதால் இந்த ஊர் சட்டத்தின் கண்ணில் அதுவும் துப்பாக்கிதான். பேப்பரில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன்.

ஏன் செல்லம்? திருவனந்தபுரத்தில் காலேஜ் என்.சி.சி.யில் நான் தோளில் சுமந்தது இதைத்தான். கிட்டத்தட்ட 4 கிலோ. முதல் நாள் தோள் கன்றிப்போனது. 1948-ல் என்.சி.சி. தொடங்கியதிலிருந்து எத்தனை லட்சம் பிள்ளைகள் இதைத் தூக்கியிருப்பார்கள்! 2020 குடியரசு தினத்தில் உத்தரப் பிரதேசப் போலீஸ்கூட .303-க்கு விடை கொடுத்துவிட்டது. அங்கே காயலான்கடைக்குப் போவது இங்கே என் சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதோடு கற்றது இன்னொன்று. பரேடு முடிந்ததும் துப்பாக்கியெல்லாம் கோத்துக்குத் திரும்பவேண்டும். ஹவில்தார் எண்ணுவார். கணக்கு சரியாகும்வரை ஒருத்தரும் வீட்டுக்குப் போகமுடியாது. சுடாத துப்பாக்கிக்கே அந்தக் கணக்கு.

இப்போது தயிர்சாதத்துக்கு வருவோம். நான் பிறந்து வளர்ந்தது வலியசாலை அக்ரஹாரம். அங்கே 'சாலை' என்றால் ரோடு இல்லை. காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடம் அங்கேதான் இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் கோவிலுக்கு இன்றும் காந்தளூர் மகாதேவர் கோவில் என்றுதான் பேர். ராஜராஜன் தன் வெற்றிகளில் முதலில் சொல்லிக்கொள்வது இந்தச் சாலையில் 'கலம்' அறுத்ததை. கலம் என்றால் கப்பலா வேறெதுவுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது தனிக்கதை. கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர் முறைப்படி 95 சட்டர்களுக்கு ஒரு சாலை வைத்தான். வேதமும் வியாகரணமும் படித்த பிள்ளைகள். அவர்களுக்குச் செப்பேட்டில் ஒரு விதி: கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. கையில் ஆயுதமே இல்லாதவனுக்கு எதற்கய்யா இந்த விதி?

நான் இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஆயுதம் இருக்கிற இடத்தில் விதியும் இருந்தது என்பதற்குச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பையனை அனுப்ப மறுத்த அந்த மனிதர், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிங்கில் என்னை ஓரமாக அழைத்துப்போனார். "சார், நானும் ஒண்ணு வச்சிருக்கேன். கோவிட் டைம்ல பயந்து வாங்கினது. பெட்ரூம் டிராயர்ல இருக்கு. லோடு பண்ணித்தான். பையனுக்குத் தெரியாது."

பையனுக்குத் தெரியாதாம்! வலியசாலையில் அம்மா பரணில் ஒளித்த முறுக்கு டின் எனக்குத் தெரியாமல் ஒரு தீபாவளியாவது இருந்ததா? உங்கள் வீட்டில் இருந்ததா?

2020-லிருந்து இந்த நாட்டில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. கார் விபத்தையே தாண்டிவிட்டது. குழந்தை டாக்டர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்வது மூன்று விஷயம்: தோட்டாவை எடு, பூட்டு, தோட்டாவைத் தனியாகப் பூட்டு. என் சுவரில் தொங்குவதை ஊரே பார்க்கிறது, சிரிக்கிறது. டிராயரில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை, அதனால் கேட்பதும் இல்லை. "நம்மவாளா? சேச்சே!" என்கிற அந்த கௌரவம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த அம்மா கேட்டது தப்பே இல்லை. என்னை மட்டும் கேட்டதுதான் தப்பு. அலர்ஜி உண்டா, நாய் உண்டா என்று கேட்கிறோமே, அதேபோல் பிள்ளையை அனுப்பும் எல்லா வீட்டிலும் கேளுங்கள். "எங்க இருக்கு? பூட்டியிருக்கா? தோட்டா எங்க?" கோபித்துக்கொள்கிறவர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பி.கு.: அந்த நண்பரோடு போய் அன்றைக்கே ஒரு பூட்டுப்பெட்டி வாங்கினோம். வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தால், பிஸ்டலுக்குப் பக்கத்தில் பையனின் வீடியோ கேம் ரிமோட். அப்பா பிடுங்கி ஒளித்து வைத்தது. பையன் தினமும் எடுத்து விளையாடிவிட்டுத் திருப்பி வைக்கிறானாம்.